பழக்குவதா, முறிப்பதா? இஸ்லாமிய மரபில் நஃப்ஸும் அதன் கடிவாளமும்

நோன்பு மாதத்து மாலையில் பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று புலப்படும். கஞ்சிக் கோப்பையில் ஆவி பறக்கிறது. தட்டில் வடை ஆறிக்கொண்டிருக்கிறது. விடியலுக்கு முன்பிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாத நாக்குகள். பேரீச்சம்பழத்தை விரலிடுக்கில் பிடித்தபடி ஒரு சிறுவன் கடிகாரத்தையும் மோதினாரையும் மாறி மாறிப் பார்க்கிறான். பாங்கு எழுந்ததும் பழம் வாய்க்குப் போகிறது. ஒரு நொடிக்கு முன்புவரை தடுக்கப்பட்டிருந்த அதே பழம் இப்போது தாமதிக்காமல் உண்ண வேண்டிய பழம்.

தாமதிக்காமல் என்பதைக் கவனிக்க வேண்டும். நோன்பு திறப்பதை விரைவுபடுத்தும் காலமெல்லாம் மக்கள் நன்மையில் இருப்பார்கள் என்ற கருத்துடைய நபிமொழியை ஸஹ்ல் இப்னு ஸஅத் அறிவிக்கிறார். புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் அது உண்டு. இரவிலும் உண்ணாமல் ஒரு நாள் நோன்பை மறுநாளோடு கோத்துச் செல்லும் 'விஸால்' நோன்பை நபி தம் தோழர்களுக்குத் தடுத்தார். விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவைப் பிந்தி உண்பது சிறப்பு. நோன்பு திறப்பதை முந்திச் செய்வது சிறப்பு. அதாவது, பசியின் இரு கரைகளையும் உள்நோக்கி நெருக்கி வைத்திருக்கிறது சட்டம். ஆசையை அடக்கப் பழக்கும் ஒரு வழிபாடு, அந்த அடக்கம் எங்கே நின்றுவிட வேண்டும் என்பதையும் விதியாக்கி வைத்திருப்பது ஏன்?

இஸ்லாத்தில் புலனடக்கம் பற்றிப் பேசும் நூல்களும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் ஆசையின் தீமையிலேயே நின்றுவிடுகின்றன. மறுபுறம் இஸ்லாம் துறவை ஏற்காத மார்க்கம் என்ற ஒற்றை வரியோடு விஷயத்தை முடித்துவிடுவோரும் உண்டு. இரண்டும் பாதி உண்மை. இந்த மரபின் கூர்மையான சிந்தனையாளர்கள் அஞ்சியது ஆசைக்கு மட்டுமன்று. ஆசையை வென்றுவிட்டேன் என்ற ஆசைக்கு அதைவிட அதிகமாக அஞ்சினார்கள். ஆகவே அடக்கத்துக்கே ஒரு கடிவாளம் தேடினார்கள். அந்தக் கடிவாளம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் அவர்களுக்குள் பிளவு வந்தது. அந்தப் பிளவை இமாம் கஸ்ஸாலியை (1058–1111) நடுவில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் அதன் வேர்களும்

நஃப்ஸ் என்ற அரபுச் சொல் தமிழில் ஒரு சொல்லுக்குள் அடங்குவதில்லை. குர்ஆனின் தமிழாக்கங்களில் அது ஆன்மா, ஆத்மா, மனம், உள்ளம், உயிர் என்று இடத்துக்கு இடம் மாறி வருகிறது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. அரபியிலேயே அது தான், தன்னை என்னும் தற்சுட்டாகவும், ஓர் ஆளையும், உயிரையும், இச்சைகள் பொங்கும் உள்ளிடத்தையும் குறிப்பதாகவும் வருகிறது. மூச்சைக் குறிக்கும் 'நஃபஸ்' அதன் உடன்பிறப்பு.

தமிழ் வாசகருக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. சைவ சித்தாந்தத்தில் ஊறிய காதுக்கு ஆன்மா என்பது ஆணவ மலத்தால் மறைக்கப்பட்டு, அதிலிருந்து விடுபட வேண்டிய பொருள். 'ஆன்மாவை அடக்குதல்' என்ற தொடர் அந்தக் காதில் இடறத்தான் செய்யும். அடக்க வேண்டியது மலத்தையல்லவா? நஃப்ஸோ இவ்விரண்டையும் தனக்குள் வைத்திருக்கிறது. நோயும் அதுவே, நோயாளியும் அதுவே. சில இடங்களில் மருந்துண்டு தேறி நிற்பதும் அதுவே. தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் பயானிலும் அது நஃப்ஸாகவே புழங்குவதற்கு நியாயம் இருக்கிறது. இக்கட்டுரையும் அப்படியே வைத்துக்கொள்கிறது.

இச்சையைக் குறிக்கும் 'ஹவா' என்ற சொல்லின் வேரில் கீழே விழுதல் என்ற பொருளும் உண்டு. பயிற்சியைக் குறிக்கும் 'ரியாளா', முரட்டுக் குதிரைக் குட்டியைச் சவாரிக்குப் பழக்குவதிலிருந்து வந்தது. இன்றைய அரபியில் விளையாட்டுக்கும் அதுவே பெயர். எல்லாவற்றிலும் பொருள் செறிந்தது 'தஸ்கியா'. தூய்மைப்படுத்துதல் என்றே வழக்கமாகப் பெயர்க்கிறோம். ஆனால் அதன் வேருக்கு வளர்ச்சி என்ற பொருளும் உண்டு. பொருளில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுக்கும் ஸகாத்தும் அந்த வேரிலிருந்தே கிளைத்தது.

91ஆம் அத்தியாயமான அஷ்ஷம்ஸை இந்த வேரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சூரியன், சந்திரன், பகல், இரவு, வானம், பூமி ஆகியவற்றின் மேல் ஆணையிட்டு வந்து நஃப்ஸில் நிற்கிறது அது. தீமையையும் இறையச்சத்தையும் அதற்கு இறைவன் உணர்த்தினான் என்கிறது. பிறகு அதைத் 'தஸ்கியா' செய்தவர் வென்றார் என்று சொல்கிறது. தோற்றவரைக் குறிக்க அது ஆளும் வினைச்சொல்லுக்குப் புதைத்தல், மறைத்தல் என்று பொருள் கொள்கிறார்கள் விரிவுரையாளர்கள். வளர்த்தவர் வென்றார், புதைத்தவர் தோற்றார். கொல்வதைப் பற்றிய பேச்சே அங்கில்லை. நஃப்ஸைக் கொல்லுதல், அறுத்தல் என்று பிற்காலத்தில் பெருகிய உருவகங்களுக்கு முன்னால் மண்ணையும் விதையையும் நினைவூட்டும் இந்த உருவகம் நிற்கிறது. இதன் கனத்தை நாம் போதிய அளவு உணரவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று வசனங்கள், பின்னால் கட்டப்பட்ட ஏணி

தீமையை ஏவும் நஃப்ஸ் (அம்மாரா), தன்னைத்தானே நிந்திக்கும் நஃப்ஸ் (லவ்வாமா), அமைதியடைந்த நஃப்ஸ் (முத்மயின்னா) என்ற மூன்று படிகளை மதரஸாவில் ஓதும் பிள்ளைகள்கூட அறிவார்கள். குர்ஆனில் இவை ஓரிடத்தில் அடுக்கப்படவில்லை. முதலாவது யூசுஃப் அத்தியாயத்தின் 53ஆம் வசனத்திலும், இரண்டாவது 75ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திலும், மூன்றாவது 89ஆம் அத்தியாயத்தின் முடிவிலும் தனித்தனியே வருகின்றன. அவற்றைக் கோத்து ஏணியாக்கியது பிற்கால மரபு. கல்வத்தியா போன்ற சூஃபி வழியினர் அந்த ஏணியை ஏழு படிகளாக நீட்டினார்கள். டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கய்யிம் (1292–1350) 'அர்ரூஹ்' நூலில் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறார். மனிதனுக்குள் மூன்று நஃப்ஸுகள் இல்லை, ஒன்றேதான் என்பது அவர் முடிவு. ஏவுதல், நிந்தித்தல், அமைதி ஆகியவை அதன் தன்மைகள். ஒரே ஆள் காலையில் ஒன்றாகவும் மாலையில் மற்றொன்றாகவும் இருக்கலாம் என்பதற்கு இந்த விளக்கம் இடம் தருகிறது. ஏணி உருவகம் அந்த இடத்தைத் தருவதில்லை.

முதல் வசனத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் நஃப்ஸை நான் குற்றமற்றதாகச் சொல்லவில்லை என்னும் அந்த வாக்குமூலத்தைச் சொல்பவர் யார்? குர்ஆன் பேசுபவரின் பெயரைச் சொல்லவில்லை. குர்ஆன் விரிவுரையாளர் தபரீ அதை யூசுஃபின் கூற்றாகக் கொள்கிறார். மற்றொரு விரிவுரையாளரான இப்னு கஸீர், அது யூசுஃபை இச்சித்த, அஸீஸ் என்னும் எகிப்திய அதிகாரியின் மனைவியின் கூற்று என்று வலியுறுத்துகிறார். அவருக்கு முன் இப்னு தைமிய்யாவும் அதே கருத்தில் நின்றார். இவர்கள் காட்டும் சான்று வலுவானது. அந்தப் பேச்சு நடக்கும்போது யூசுஃப் அரசவையில் இல்லை. அவரைக் கொண்டுவாருங்கள் என்று அரசன் மீண்டும் சொல்வது அடுத்த வசனத்தில்தான்.

யூசுஃபின் கூற்று என்றால், சோதனையில் வென்ற ஒரு நபியே வெற்றியின் வாசலில் நின்று தம்மை நம்ப மறுக்கிறார் என்றாகிறது. அந்தப் பெண்ணின் கூற்று என்றால், ஆசைக்கு ஆட்பட்டு, ஒரு நிரபராதி சிறையில் கிடக்கக் காரணமான ஒருத்தி பலர் முன்னிலையில் தன்னைத் திறந்து காட்டுகிறாள் என்றாகிறது. கதைப்போக்கும் இலக்கணமும் இரண்டாவது வாசிப்பின் பக்கமே சாய்கின்றன என்பது என் எண்ணம். நஃப்ஸ் பற்றிய முஸ்லிம் சிந்தனை முழுவதும் மூலவாக்கியமாகக் கொண்டாடும் ஒரு சொல், அப்படியானால், ஒரு பெண்ணின் பாவ வாக்குமூலத்திலிருந்து வந்தது.

நபிமொழிகள் வகுக்கும் எல்லை

இந்த விஷயத்தில் அதிகம் எடுத்தாளப்படும் நபிமொழி, போரிலிருந்து திரும்பியவர்களிடம் சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்கு, அதாவது நஃப்ஸோடான போராட்டத்துக்கு, வந்திருக்கிறீர்கள் என்று சொன்னதாக வரும் செய்தி. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என்பதை அதைப் பதிவு செய்த பைஹகீயே குறித்திருக்கிறார். இப்னு தைமிய்யா அதற்கு அடிப்படையே இல்லை என்றார். நபிமொழி அறிஞர் இப்னு ஹஜர் அது இப்ராஹீம் இப்னு அபீ அப்லா என்ற முற்கால அறிஞரின் கூற்று என்றார். கருத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால், தன் நஃப்ஸோடு போராடுபவரே முஜாஹித் என்ற பொருளில் ஃபளாலா இப்னு உபைத் அறிவிப்பதாகத் திர்மிதீ தரும் நபிமொழி இருக்கிறது. திர்மிதீ அதை நம்பத்தக்கதாகவே தரப்படுத்தியிருக்கிறார். பலவீனமான செய்தி பரவலாகவும் வலுவானது மூலையிலும் இருப்பது வருத்தத்துக்குரியது. 'சிறிய', 'பெரிய' என்ற முரண் அழகு சொற்பொழிவாளர்களை ஈர்த்திருக்க வேண்டும்.

நம் கேள்விக்கு நெருக்கமானவை வேறு சில நிகழ்ச்சிகள். மூவர் நபியின் மனைவியரிடம் வந்து அவரது வழிபாடு எப்படியிருக்கும் என்று விசாரித்தார்கள். சொல்லப்பட்டது அவர்களுக்குக் குறைவாகத் தோன்றியது. ஒருவர் இரவு முழுவதும் தொழுவேன் என்றார்; மற்றவர் ஒரு நாளும் விடாமல் நோற்பேன் என்றார்; மூன்றாமவர் மணம் செய்யவே மாட்டேன் என்றார். நபி அறிந்ததும், தாம் நோற்பதும் உண்டு விடுவதும் உண்டு, தொழுவதும் உண்டு தூங்குவதும் உண்டு, மணம் புரிவதும் உண்டு என்று சொல்லி, தம் வழியைப் புறக்கணிப்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார். அனஸ் அறிவிக்கும் செய்தி இது. இங்கே கண்டிக்கப்பட்டது ஆசையன்று. ஆசையை வேரோடு பிடுங்கும் வைராக்கியம் கண்டிக்கப்பட்டது.

நபித்தோழர்களான ஸல்மான், அபுத் தர்தா பற்றிய நிகழ்ச்சியை இதனோடு சேர்த்து வைக்கலாம். நபி இருவரையும் சகோதரர்களாக்கியிருந்தார். ஸல்மான் பார்க்க வருகிறார். அபுத் தர்தாவின் மனைவி பழந்துணியில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்கிறார். உம் சகோதரருக்கு இவ்வுலகில் நாட்டமே இல்லை என்கிறார் அந்த அம்மையார். உணவு வருகிறது. நோன்பிருக்கும் அபுத் தர்தாவைத் தம்மோடு உண்ண வைக்காமல் ஸல்மான் கை நனைக்க மறுக்கிறார். இரவில் அவர் தொழ எழும்போதெல்லாம் தூங்கு என்கிறார். கடைசிச் சாமத்தில்தான் எழுப்பி, இருவரும் சேர்ந்து தொழுகிறார்கள். இறைவனுக்கும் நஃப்ஸுக்கும் குடும்பத்துக்கும் அவரவர்க்குரிய உரிமையைக் கொடு என்ற ஸல்மானின் சொல்லை நபி உண்மையென ஏற்கிறார். புகாரியில் உள்ள இச்செய்தியில் என்னை நிறுத்துவது அந்தப் பழந்துணி. ஒருவரின் துறவுக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார் என்பதை ஸல்மானின் கண் முதலில் அங்கேதான் பார்த்தது. அடக்கம் அளவு மீறும்போது அது முதலில் தெரிவது அடக்குபவரிடமன்று, அவர் வீட்டில்.

கஸ்ஸாலி: பேரீச்சங்கொட்டை

நஃப்ஸைப் பற்றிய சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. கிறித்தவத் துறவிகளிடமிருந்து என்றனர் சிலர், கிரேக்கத் தத்துவத்திலிருந்து என்றனர் வேறு சிலர். பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன் 1922இல் வெளியிட்ட ஆய்வில், சூஃபிகளின் கலைச்சொற்கள் முதன்மையாகக் குர்ஆனை இடைவிடாது ஓதி அதில் தோய்ந்ததிலிருந்தே பிறந்தன என்று வாதிட்டார். சொல்வளத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது நிற்கிறது. கஸ்ஸாலியிடம் வந்தால் இந்த ஓடைகள் எல்லாமே ஒன்றாகக் கலந்திருப்பதைப் பார்க்கலாம். தன்னைத்தானே கணக்குப் பார்ப்பதை வாழ்நாள் வேலையாகக் கொண்டதால் 'முஹாஸிபீ' என்றே பெயர் பெற்ற பாக்தாதின் ஹாரிஸை (இறப்பு 857) அவர் படித்திருந்தார். பிளேட்டோவின் மூன்று ஆற்றல்களையும் அரிஸ்டாட்டிலின் நடுவழியையும் அரபியில் நிலைநாட்டிய மிஸ்கவைஹின் (இறப்பு 1030) தடமும் அவரிடம் தெளிவாகத் தெரிகிறது.

நாற்பது நூல்களால் ஆன அவரது 'இஹ்யா உலூமித்தீ'னில் 22ஆம் நூல் நஃப்ஸைப் பழக்குவதைப் பற்றியது. 23ஆம் நூலின் தலைப்பு வயிறு, காமம் என்னும் இரு இச்சைகளை முறிப்பதைப் பற்றியது. பழக்குதல், முறித்தல் என்ற இரு சொற்களும் அடுத்தடுத்த தலைப்புகளாகவே நிற்கின்றன. நம் விவாதம் முழுவதும் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் நடக்கிறது.

22ஆம் நூலில் அவர் முதலில் எதிர்கொள்வது, பிறவிக் குணத்தை மாற்ற முடியாது என்ற வாதத்தை. அப்படியானால் உபதேசமும் ஒழுக்கப் பயிற்சியும் வீண்தானே என்று கேட்கிறார். வேட்டை நாய் இரையைத் தின்னாமல் கொண்டுவரப் பழகுகிறது, குதிரை அடங்கப் பழகுகிறது. மனிதன் மட்டும் பழகமாட்டானா? பிறகு ஒரு பேரீச்சங்கொட்டையைக் கையில் எடுக்கிறார். கொட்டை இன்னும் பேரீச்சையும் இல்லை, ஆப்பிளும் இல்லை. எவ்வளவு வளர்த்தாலும் அது ஆப்பிள் மரமாகாது. வளர்த்தால் பேரீச்சை மரமாகும். கோபமும் இச்சையும் அப்படித்தான். அவற்றை அடியோடு அழிப்பது நம்மால் ஆகாது. பழக்கி வழிக்குக் கொண்டுவருவது ஆகும். அழிக்கக் கேட்கப்படவும் இல்லை என்று மேலும் சொல்கிறார். உணவாசை அற்றுப்போனால் மனிதன் அழிவான், காமம் அற்றுப்போனால் சந்ததி அழியும், கோபம் அற்றுப்போனால் தனக்கு வரும் கேட்டைத் தடுக்க முடியாமல் அழிவான்.

பழக்கும் முறையையும் அவர் கைத்தொழிலிலிருந்தே எடுக்கிறார். நல்ல கையெழுத்துக்காரனாக விரும்புபவன் என்ன செய்கிறான்? தேர்ந்த எழுத்தனின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறான். முதலில் அது சிரமப்பட்டுச் செய்யும் போலச்செய்தல். திரும்பத் திரும்ப எழுதியதில் அந்த அழகு கையில் படிந்து இயல்பாகிவிடுகிறது. கஞ்சத்தனத்துக்கு மருந்து, பிறருக்குக் கொடுத்துப் பழகுவது. கொடுப்பது இனிக்கும் வரை அது முழுக் குணமாகாது. உடலில் செய்வது உள்ளத்தில் இறங்கும், உள்ளத்தில் இறங்கியது உடலில் வெளிப்படும் என்ற சுழற்சி இது.

23ஆம் நூலுக்கு வந்தால் தொனி மாறுகிறது. பசியின் பயன்களைப் பக்கம் பக்கமாக அடுக்குகிறார். மிகக் குறைவாக உண்டு வாழ்ந்தவர்களின் கதைகள் வருகின்றன. படித்துக்கொண்டே போகிறவர், பட்டினியே இலட்சியம் என்று முடிவு செய்துவிடக்கூடும். அந்த இடத்தில் அவர் நின்று, தான் செய்ததை அவிழ்த்துக் காட்டுகிறார். இயல்பு ஒரு பக்கம் அளவுமீறி இழுக்கும்போது, மார்க்கம் எதிர்ப்பக்கத்தை அளவுமீறிப் புகழ்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து நடுவில் நிற்கட்டும் என்பதே அதன் உத்தி. அறியாதவர் அந்த எதிர்ப்பக்கத்தையே நோக்கம் என்று எண்ணிவிடுவார். நோக்கமோ வயிறு கனக்காமலும் பசி வலிக்காமலும் இருக்கும் நிலை.

பசியைப் பாடிய அதே பேனா, அந்தப் புகழ்ச்சி ஒரு சிகிச்சை அளவு மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்லும் இந்தப் பக்கம் இஹ்யாவின் மிக முக்கியமான பக்கங்களில் ஒன்று என்று கருதுகிறேன். மருந்தை உணவாகக் கொள்ளாதே என்கிறார் அவர். உடனே அடுத்த ஆபத்துக்கும் போகிறார்: ஆசையை விட்டவன், விட்டவன் என்று அறியப்பட ஆசைப்படுவான், கூட்டத்தில் மறுத்ததைத் தனிமையில் உண்பான். உணவாசைக்குத் தப்பி, பிறர் மெச்ச வேண்டும் என்னும் ஆசையிடம் போய்ச் சேர்பவன் தேளுக்குப் பயந்து பாம்பிடம் ஓடியவன்தான், ஏனென்றால் இரண்டாவது ஆசை முதலாவதை விடக் கொடியது.

அந்தப் பாம்பைக் கண்டுபிடிக்க அவர் வகுக்கும் சோதனை நுட்பமானது. ஒருவர் ஓரிரவு பிறர் இல்லத்தில் தங்குகிறார். அங்கிருப்போர் நள்ளிரவில் எழுந்து தஹஜ்ஜுத் தொழுகிறார்கள்; இவரும் எழுந்து தொழுகிறார். வீட்டில் இந்தப் பழக்கம் இவருக்கில்லை. இது முகத்துதிக்குச் செய்ததா? உடனே ஆம் என்றுவிடக் கூடாது என்கிறார் கஸ்ஸாலி. வீட்டில் மெத்தை இழுத்திருக்கும், இல்லாளும் வேலைகளும் தடுத்திருக்கும். இங்கே அந்தத் தடைகள் இல்லை, பிறர் தொழுவதைக் கண்டு உள்ளே ஏக்கமும் எழுந்திருக்கலாம். அவர்களைத் தாம் பார்க்கவும் அவர்கள் தம்மைப் பார்க்காதபடியும் ஒரு திரை இருந்திருந்தால் எழுந்து தொழுதிருப்பாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். இதைவிடப் பரிவான மனச்சாட்சி விசாரணையை நான் அதிகம் படித்ததில்லை.

குளியல் மண்டபத்துத் திருடர்

ஆனால் இதே இஹ்யாவில் வேறுவகைக் கதைகளும் உண்டு. ஒருவர் ஓர் ஊரில் குடியேறி நல்லவர் என்று பெயரெடுக்கிறார். அந்தப் பெயரே தம்மைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறார். குளியல் மண்டபத்துக்குப் போய் யாரோ கழற்றி வைத்திருந்த உயர்ந்த ஆடையைத் திருடி அணிந்து, அதன்மேல் தம் ஒட்டுப்போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டு, பிடிபட வேண்டுமென்றே தெருவில் மெல்ல நடக்கிறார். மக்கள் பிடித்து, ஆடையைப் பறித்து, அடித்து, குளியல் மண்டபத் திருடன் என்று பட்டம் சூட்டுகிறார்கள். அதன்பின் அவர் நஃப்ஸ் அமைதியடைகிறது. சூஃபி குரு பாயஸீது பிஸ்தாமியிடம் வந்த ஒருவருக்கு, தாடியை மழித்து, கழுத்தில் அக்ரோட்டுப் பையைத் தொங்கவிட்டு, தன்னை அறையும் சிறுவனுக்கு ஓர் அக்ரோட்டு என்று கூவிக்கொண்டு கடைத்தெருவில் சுற்றிவரச் சொன்ன கதையும் அங்குண்டு.

இவற்றுக்குப் பின்னால் ஒரு நீண்ட சிந்தனை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு நிஷாப்பூரில் மலாமதிய்யா என்றொரு குழு இருந்தது. ஹம்தூன் அல்கஸ்ஸார் துணி வெளுப்பவர், அபூ ஹஃப்ஸ் அல்ஹத்தாத் கொல்லர். கடைத்தெரு மனிதர்களான இவர்கள் தனி உடை, தனி மடம் எதுவும் வேண்டாம் என்றார்கள். நன்மையை மறை, பழியைத் தேடிக்கொள் என்பது அவர்கள் வழி. தன்னடக்கம் பிறர் கண்ணில் பட்டதுமே நஃப்ஸுக்கு உணவாகிவிடுகிறது என்ற அவர்களது கண்டறிதல் உளவியல் ரீதியாக மிகச் சரியானது. அதிலிருந்து அவர்களில் சிலர் எடுத்த முடிவுதான் கேள்விக்குரியது.

பாக்தாதின் ஹன்பலீ அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (இறப்பு 1201) 'தல்பீஸு இப்லீஸ்' நூலில் இந்தக் குளியல் மண்டபக் கதையை எடுத்துக்கொண்டு கஸ்ஸாலியை மிகக் கடுமையாகச் சாடுகிறார். உள்ளத்தைச் சீர்செய்ய மார்க்கச் சட்டத்துக்குள் மருந்தே இல்லாமல் போயிற்றா, விலக்கப்பட்டதைச் செய்துதான் சீர்செய்ய வேண்டுமா என்பது அவர் கேள்வியின் சாரம். திருட்டு திருட்டுதான், ஆடையை இழந்தவரின் உரிமை என்னவாயிற்று? பிறரைத் தம்மைப் பற்றித் தவறாக எண்ணவைத்து அவர்களைப் பாவத்துக்குள் தள்ளும் உரிமையை இவருக்குத் தந்தது யார்? சட்டம் பயின்ற கஸ்ஸாலி அந்தச் சட்ட அறிவைச் சூஃபிகளிடம் மலிவாக விற்றுவிட்டாரே என்று அவர் அங்கலாய்க்கிறார்.

இப்னுல் ஜவ்ஸீயைச் சூஃபி எதிர்ப்பாளர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது தவறு. அவரே இஹ்யாவைச் சுருக்கித் திருத்தி 'மின்ஹாஜுல் காஸிதீன்' என்ற நூலை எழுதியவர். இச்சையின் கேடு பற்றி 'தம்முல் ஹவா' என்ற பெருநூலையும் எழுதினார். பயிற்சி வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு கடிவாளம் யார் கையில் என்பதில்தான். குருவின் கையில் இருக்கும் கடிவாளத்தை நம்புகின்றன இஹ்யாவின் அந்தக் கதைகள். சட்டத்தின் கையில் இருக்கும் கடிவாளத்தை மட்டுமே நம்புகிறார் இப்னுல் ஜவ்ஸீ. குருவின் மருந்து ஒவ்வொருவர் நாடிக்கும் ஏற்ப மாறும். அதனால் அது ஆழமாகப் போகும், அதே காரணத்தால் தவறினால் கேட்பாரும் இருக்கமாட்டார்கள். சட்டத்தின் மருந்து எல்லோருக்கும் ஒன்றே; நஃப்ஸின் பொந்துகளுக்குள் அது நுழையாது, ஆனால் யாரையும் அழிக்காது.

இந்த இடத்தில் நான் இப்னுல் ஜவ்ஸீயின் பக்கம் நிற்கிறேன். கஸ்ஸாலியை மறுத்து நிற்கவும் தேவையில்லை. அவருடைய கோட்பாட்டைக் கொண்டே அவருடைய கதையை மறுக்க முடியும். பேரீச்சங்கொட்டையை வளர்க்கச் சொன்னவரின் நூலில் கொட்டையை நசுக்கும் கதைக்கு இடமில்லை. அத்துடன், திருடன் என்ற பட்டத்தைத் தேடிப்போனவர் உள்ளூர அறிவார் தாம் திருடர் இல்லை என்று. ஊர் முழுவதும் இகழ, நான் மட்டும் அறிவேன் நான் யாரென்று என எண்ணும் அந்தத் தனிமையில் நஃப்ஸுக்கு எவ்வளவு இன்பம் கிடைக்கக்கூடும்! திரைச் சோதனையை வகுத்த கஸ்ஸாலி இந்தக் கதாநாயகரிடம் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கவில்லை.

யாருடைய நஃப்ஸ்?

இந்த மரபைப் படிக்கும்போது இன்றைய வாசகர் கேட்டே ஆக வேண்டிய ஒன்று உண்டு: இவ்வளவு கவனமாகப் பழக்கப்படும் அந்த 'மனிதன்' யார்? ஆய்வாளர் ஸஹ்ரா அய்யூபி 2019இல் வெளியிட்ட ஆய்வு, கஸ்ஸாலி, நஸீருத்தீன் தூஸீ, தவ்வானீ ஆகியோரின் பாரசீக அறநூல்களை ஆராய்ந்து, அவற்றின் இலட்சிய மனிதன் வசதியும் கல்வியும் உள்ள ஆண் என்று காட்டுகிறது. மனைவியும் பிள்ளைகளும் பணியாட்களும் அவனது ஒழுக்கம் செயல்படும் களமாகவே வருகிறார்கள். இந்த வாதத்தை மறுப்பது கடினம். காமத்தைப் பற்றிய இஹ்யாவின் பக்கங்களில் பெண் பெரும்பாலும் பார்க்கப்படுபவள், பார்ப்பவள் அல்லள். அரபியில் நஃப்ஸ் பெண்பால் சொல் என்பதும் சேர்ந்துகொண்டு, அடக்க வேண்டிய நஃப்ஸைப் பெண்ணாகவே உருவகிக்கும் போக்கு வளர்ந்தது.

யூசுஃப் அத்தியாயத்தின் அந்த வாக்குமூலத்தை ஒரு பெண்ணின் குரலாகப் படிப்பது இந்த இடத்தில் புதிய கனம் பெறுகிறது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவின் ராபியா, நரகத்துக்கு அஞ்சியும் சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டும் செய்யும் வழிபாட்டையே கேள்வி கேட்டவராக மரபில் நினைக்கப்படுகிறார். மறுமைப் பலன் மேல் வைக்கும் ஆசையும் ஆசைதானே என்ற அந்த வினா, வயிற்றையும் காமத்தையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்களை விட வெகுதூரம் போகிறது.

அபூ உமாமா அறிவிப்பதாக அஹ்மதின் நபிமொழித் தொகுப்பான 'முஸ்ன'தில் உள்ள ஒரு நிகழ்ச்சியையும் பார்க்கலாம். ஓர் இளைஞன் நபியிடம் வந்து, விபசாரத்துக்கு எனக்கு அனுமதி தாருங்கள் என்கிறான். சுற்றியிருந்தோர் அதட்டுகிறார்கள். நபி அவனை அருகே அழைத்து உட்காரவைத்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா என்று கேட்கிறார். மகளுக்கு? சகோதரிக்கு? அத்தைக்கு? சின்னம்மாவுக்கு? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். மற்றவர்களும் விரும்பமாட்டார்கள் என்று சொல்லி, அவன்மேல் கைவைத்துப் பிரார்த்திக்கிறார். பெண்ணை இங்கும் ஓர் ஆணின் உறவாகவே பார்க்கிறோம் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் இங்கே பட்டினி இல்லை, அடி இல்லை, அவமானம் இல்லை. இச்சையின் இலக்காக மட்டும் இருந்தவளை ஒருவருடைய மகளாகப் பார்க்கும்படி அவன் கண் திருப்பப்படுகிறது, அவ்வளவுதான்.

கஸ்ஸாலியின் கையெழுத்து உவமை இன்று பெண்களிடம் உயிரோடிருப்பதை ஆய்வாளர் சபா மஹ்மூத் 2005இல் வெளிவந்த நூலில் பதிவு செய்தார். கெய்ரோவின் பள்ளிவாசல் வகுப்புகளுக்கு வரும் பெண்கள், நாணம் உள்ளே வந்தபின் முக்காடு போடுவதில்லை. முக்காடு போட்டுப் போட்டு நாணத்தை வளர்க்கிறார்கள். அழுகை வராதபோது அழ முயன்று தொழுகிறார்கள். செய்கை முதலில், உணர்வு பிறகு. அந்தப் பெண்களின் அரசியலோடு உடன்படாதவர்களும் இதை ஏமாந்தவர்களின் அடிமைத்தனம் என்று சொல்லிக் கடக்க முடியாதபடி அவர் எழுதியிருக்கிறார். ஸல்மான் கண்ட பழந்துணியை நினைவில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது: ஒருவர் தாமே ஏற்ற பயிற்சியும் வீடும் தெருவும் அவர்மேல் ஏற்றிய பயிற்சியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் கருவி இந்த நூல்களில் இருக்கிறதா? திரைச் சோதனையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை. அந்தச் சோதனையையும் அவரவர் தமக்குத்தாமே செய்துகொள்ளத்தான் முடியும்.

நிஷாப்பூருக்குத் திரும்புதல்

1091இல் பாக்தாத் நிஸாமிய்யா கல்விக்கூடத்தின் பேராசிரியர் பதவி கஸ்ஸாலிக்கு வந்தது. அந்நாளில் அதைவிட உயர்ந்த கல்விப் பதவி அரிது. நான்கே ஆண்டுகளில் அவர் உடைந்துபோனார். தாம் கற்பிப்பதன் நோக்கத்தைத் துருவிப் பார்த்தபோது, அங்கே இறைவன் இல்லை, புகழும் பதவியும்தான் இருந்தன என்று தன்வரலாற்று நூலான 'அல்முன்கித்'தில் எழுதுகிறார். ஏறக்குறைய ஆறு மாதம், போய்விடு என்று ஒரு குரலும் இரு என்று ஒரு குரலும் அவரைப் பிய்த்தன. பிறகு நாக்கு கட்டுண்டது. மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, ஒரு சொல்லும் எழவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்திலிருந்து தொடங்கிய நோய், மருந்தால் ஆகாது என்று மருத்துவர்கள் கைவிட்டனர். 1095இல் பதவியை விட்டு வெளியேறினார். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் இருந்ததாகச் சொல்கிறார்.

கதை அங்கே முடிந்திருந்தால் அது துறவியின் கதை. 1106இல் அவர் மீண்டும் கற்பிக்கத் திரும்பினார், இம்முறை நிஷாப்பூரில், அதே பெயர் கொண்ட நிஸாமிய்யாவில். அதே பாய், அதே மாணவர் வட்டம். எந்த ஆசைக்கு அஞ்சி ஓடினாரோ அந்த ஆசை காத்திருக்கும் இடத்துக்கே வந்து அமர்ந்தார். விட்டதும் திரும்பியதும் ஒன்றல்ல என்று வாதிடுகிறார்: அன்று புகழைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தேன், இன்று புகழை விடச்செய்யும் கல்வியைக் கற்பிக்கிறேன். என் எண்ணம் இதுதான், இறைவன் அறிவான் என்கிறார். தம்மையும் பிறரையும் சீர்செய்ய விரும்புவதாகவும் சொல்கிறார். அதற்கு அடுத்தாற்போல, அந்த நோக்கத்தை எட்டுவேனா, எட்டாமலே போய்விடுவேனா என்பது எனக்குத் தெரியாது என்று எழுதுகிறார்.